நடுகல்லும் வழிப்போக்கரும்

1. தோற்றுவாய்

வீரர்க்குக் கல் நடும் வழக்கம் தமிழர் புறவாழ்வின் சிறப்பியல்புகளுள் ஒன்று என்பது பலரும் எடுத்தோதிய செய்தி. புறநானூற்று நடுகற் பாடல்களும், தொல்காப்பியப் புறத்திணையியலும், கல்வெட்டறிஞர் கண்டு வெளியிட்ட கற்களும் ஒன்றற்கொன்று சான்றாகக் காட்டப்பெற்று, இவ்வழக்கத்தின் தொன்மை நன்கு நிறுவப்பட்டுள்ளது. ஆயினும், கல்லை நட்டவர் யாவர், எவ்வாறு நட்டனர், எதன்பொருட்டு வழிபட்டனர் என்னும் வினாக்களுக்குக் கிடைத்த இடம், அக்கல்லைப் பின்னாளில் எதிர்ப்பட்ட வழிப்போக்கன் அதனை எவ்வாறு படித்தான் என்னும் வினாவுக்குக் கிடைத்திலது.

இவ்வினாவை முதலில் எழுப்பியோர் சங்கப் புலவரே ஆவர். புறப்பாடல்கள் பெரும்பாலும் கல்லை நடுவார் பக்கம் நின்று பேசுகின்றன. அகநானூற்றுப் பாலைப் பாடல்கள் சில, அதனைக் கடந்து செல்வார் பக்கம் நின்று பேசுகின்றன. இவ்விரு நோக்கினையும் இணைத்துக் காணுமிடத்து, நினைவுக்கல்லுக்கு நேரும் பெருங்கேடு அழிவன்று, வேறு பொருள் படுதலே என்னும் முடிபு பெறப்படும். அதனை நிறுவுதலும், அதனையே அளவுகோலாகக் கொண்டு தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் சென்னையிலும் உள்ள பிற்கால நினைவுச் சின்னங்கள் சிலவற்றை மதிப்பிடுதலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நடுவார் நோக்கு

தொல்காப்பியர் கல் நடுதலை வெட்சித் திணையோடு சார்த்தி, காட்சி முதல் வாழ்த்தல் ஈறாக ஆறு துறைகளாக வகுத்தார். கல்லைத் தேர்ந்து காண்டல், கொள்ளத் தொடங்கல், நீராட்டல், நடுதல், பெருஞ்சிறப்புச் செய்தல், வாழ்த்தல் என அவை ஒன்றன்பின் ஒன்றாக நிகழும். இவற்றுள் பெயர் பொறித்தல் தனித்துறையாக எண்ணப்படவில்லை என்பதும், ஈற்றில் நிற்பது வாழ்த்தல் என்பதும் கருதத்தக்கன. உளியின் தொழிலோடு கல் நிறைவு பெறுவதில்லை. வாழ்த்துவாரின் வாயுரையோடுதான் நிறைவு பெறுகின்றது. வாழ்த்துவார் உள்ளளவும் எழுத்து மங்கினும் கல் வாழும் என்பது இம்முறை வைப்பின் உட்கோள் எனலாம். இளங்கோவடிகள் வஞ்சிக் காண்டத்துக் காதைகளுக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்று பெயரிட்டு, போரிற்பட்ட மறவனுக்குரிய இம்முறையை நீதி கேட்ட ஒரு பெண்ணுக்கு உரியதாக்கியதும் ஈண்டு நினையத்தகும்.

புறப்பாடல்களில் கல்லின் எழுத்தைவிடக் கல்லைச் சூழ்ந்த மக்களே மிகுதியாகக் காணப்படுகின்றனர். வடமோதங்கிழார், ஆநிரை மீட்டு மாண்ட மறவனது பெயர், பிறர் எவரும் கொள்ளாத சிறியதோர் இடத்தில், துணிப்பந்தரின் கீழ், மயிற்பீலி சூட்டிய கல்லின்மேல் நிலைத்தது என்பர் (புறம். 260). உறையூர் இளம்பொன் வாணிகனார், கல்லும் நட்டாயிற்று, இதனை அறியாது பாணர் சுற்றம் இன்றும் அவனை நாடி வருமோ என்று இரங்குவர் (புறம். 264). ஒளவையார், நாடு கொடுப்பினும் கொள்ளாத அதியமான் சிறு கலத்தில் வார்க்கும் கள்ளைக் கொள்வானோ என்று வருந்துவர் (புறம். 232). அள்ளூர் நன்முல்லையார் காட்டும் மறக்குடி மகள், விருந்து எதிர்பெறவும் தன் கணவன் பெரும்பகை எய்தவும் வேண்டி நாள்தோறும் நடுகல்லைத் தொழுகின்றாள் (புறம். 306). மாங்குடி கிழார், பகைவரைத் தடுத்து வீழ்ந்தோன் கல்லையன்றிப் பரவுதற்குரிய கடவுள் வேறில்லை என்பர் (புறம். 335).

இப்பாடல்களுள் கல் தனித்து நிற்பதில்லை. அதன்முன் பாணன் நிற்கின்றான், புலவர் நிற்கின்றார், மனையோள் நிற்கின்றாள். வழிப்போக்கன் வருமிடத்தும் அவனுக்கு வழிகாட்ட ஒருவர் உளர். ஆசிரியர் பெயர் அறியப்படாத ஒரு பாட்டில், அவ்வழியே செல்லும் இரவலனை நோக்கி, தொழாமல் போகற்க என்று ஒரு குரல் அறிவுறுத்துகின்றது, வெள்ளமென வந்த அம்புகளைக் கல்லணைபோல் தடுத்தவன் இவன் என்று காரணமும் கூறுகின்றது (புறம். 263). படிக்கத் தெரியாதவனும் அக்கல்லைப் பிழைபடக் கொள்ளான். கல்லோடு சொல்லும் உடன் நிற்றலின்.

3. கடப்பார் நோக்கு

பாலைத்திணையிற் புகுந்தவுடன் இக்குரல் நின்றுவிடுகின்றது. நோய்பாடியாரும் மதுரை மருதன் இளநாகனாரும் வழிதோறும் பெயரும் பெருமையும் எழுதி நிறுத்திய கற்களைப் பாடுகின்றனர் (அகம். 67, 131). அக்கற்களுக்குப் பீலி உண்டு. ஊன்றிய வேலும் சார்த்திய கேடயமும் உண்டு. ஆயினும் தொலைவில் வருவார்க்கு அவை பகைவரது போர்முனை போலத் தோன்றுகின்றன. காவலன் நினைவாக நட்ட கல்லே கள்வர் கூட்டமென அஞ்சப்படுகின்றது. வேறு பொருள் படுதலின் முதற்படி இது: எழுத்தை அணுகுமுன்னரே கண் தவறுகின்றது.

இளநாகனாரின் வேறிரு பாடல்கள் இதனை மேலும் வளர்க்கின்றன. ஒன்றில், அம்பு தீட்டித் தீட்டிக் கல்லின் பக்கம் தேய்ந்துவிட்டது, பொறித்த எழுத்து இயைபுபட நோக்க இயலாததாய் ஆயிற்று, வழிநடந்து தளர்ந்தோர் அதனை விட்டு நீங்குகின்றனர் (அகம். 297). அம்பினால் மாண்டவனது கல், அடுத்த அம்பைக் கூர் செய்யும் தீட்டுகல்லாயிற்று. நினைவுகூரப்பட்ட போர், நினைவையே கருவியாகக் கொண்டு தொடர்கின்றது என்னும் கொடுமையைப் புலவர் ஒரு சொல்லாலும் விளக்கவில்லை. தேய்ந்த பக்கத்தைக் காட்டியதோடு அமைந்தார்.

மற்றொன்றில், உப்பு வணிகரது வண்டிச் சக்கரம் மோதி நடுகல்லின் தலை சிதைந்துள்ளது; சூட்டிய கண்ணி வாடியது; நீராட்டுவார் இலர்; உளி செதுக்கிய எழுத்தின் கோடுகள் சில மறைந்தன. மறைந்தமையால், எஞ்சிய எழுத்து அவ்வழிச் செல்வோர்க்கு வேறொரு பொருளைத் தருகின்றது (அகம். 343). முன்னைப் பாடலில் கல் படிக்கப்படவில்லை; இப்பாடலில் தவறாகப் படிக்கப்படுகின்றது. படிக்கப்படாத கல் தன் வீரனைத் தன்னுள் ஒளித்து வைத்துள்ளது. என்றேனும் ஒருவர் அதனை மீட்டல் கூடும். தவறாகப் படிக்கப்பட்ட கல்லோ, தன் வீரன் இருந்த இடத்தில் இல்லாத ஒருவனை நிறுத்துகின்றது. படித்தவன் அறிந்துகொண்டதாகக் கருதிப் போய்விடுதலின், அதனைத் திருத்துவார் இலர்.

சிதைந்த நடுகல் பாலைநிலத்தின் அச்சத்தை மிகுவிக்கும் பின்னணியேயன்றிப் பிறிதில்லை என ஒருசாரார் கருதக்கூடும். அச்சமே கருத்தாயின் பாழ்பட்ட கல் ஒன்றைக் காட்டுதலே அமையும். சக்கரம் யாருடையது, கண்ணி எந்நிலையது, எழுத்தின் எப்பகுதி மறைந்தது, அதனால் படிப்போர்க்கு யாது நேர்ந்தது என இத்துணை நுணுக்கமாக அடுக்கியிருத்தல் வேண்டா. அன்றியும், பாலை பிரிவைப் பொருளாக உடையது. பிரிந்து செல்வான், தான் விட்டுவந்த நெஞ்சில் தன் பெயர் எவ்வாறு நிற்கும் என்னும் கவலையைச் சுமந்து செல்கின்றான். வழியில் எதிர்ப்படும் தேய்ந்த கல் அக்கவலையின் புறவடிவம் ஆகின்றது. எனவே, நடுகல்லைப் போற்றிய அதே புலவர் மரபு அதன் வரம்பையும் அறிந்திருந்தது என்பது தேற்றம்.

4. கல்லின் வாசகம்

இனி, கிடைத்துள்ள கற்களை நோக்குவோம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்ட தமிழ் பிராமி எழுத்துக் கற்கள் மூன்றனுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோளையும் தீயன் அந்தவன் என்னும் பெயரையும் குறிக்கின்றது. ஆள், ஊர், நிகழ்ச்சி ஆகிய மூன்றும் சில சொற்களுள் அடங்கிவிடுகின்றன.

பல்லவர் காலத்துச் செங்கம் பகுதிக் கற்களில் இவ்வாசகம் விரிவடைகின்றது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் தொகுதி இவற்றைக் கற்க இன்றியமையாதது. அரசனின் ஆட்சியாண்டு, வீரன் யாருடைய சேவகன், எத்தொறு கொள்ளப்பட்டபோது பட்டான், அவன் பெயர் யாது என்பன ஒரு முறைப்பட வருகின்றன. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர்க் கல் கருந்தேவகத்தி என்னும் வீரனுக்கு எடுக்கப்பட்டது. அவனோடு நின்று கள்வர் இருவரைக் கடித்துக் காவலிருந்த நாயின் பெயரையும் அது கோவிவன் என்று பொறித்துள்ளது. நாய்க்கும் பெயர் உண்டு என்னும் இவ்வொரு செய்தியைக் கற்போர் மனங்கொள்க, பின்னர்ப் பயன்படும்.

செங்கத்துக்கும் இலக்கியத்துக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. பெருங்கௌசிகனார் மலைபடுகடாத்தில் கூத்தரை ஆற்றுப்படுத்தும் வழி, செங்கண்மா என்னும் நன்னனது ஊர்க்குச் செல்வது. அவ்வழியின் கவலைகள்தோறும், புறங்கொடாது மாண்டோர் பெயரோடு நட்ட கற்கள், புறங்கொடுத்தோரை ஏசுவனபோல் நிற்கும் என்றும், அவை மிகப் பல என்றும் புலவர் கூறுவர். கற்கள் பல, கல்லுக்கு ஒரு பெயர். சங்க காலத்தும் அதனை அடுத்தும் வழியோர நினைவின் கணக்கு இதுவாகும்.

5. எண்ணாகிய பெயர்

இக்கணக்குத் தலைகீழான நிலையை 20ஆம் நூற்றாண்டுக் கற்பலகைகளிற் காண்கின்றோம். முதல் உலகப் போருக்குப் பின் ஆங்கில அரசினர் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் கற்பலகைகள் பதித்தனர். பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்த அவற்றின் வாசகம் ஏறத்தாழ ஒரே வார்ப்பினது: இவ்வூரிலிருந்து இத்துணையர் 1914 முதல் 1919 வரை நிகழ்ந்த பெரும்போருக்குச் சென்றனர், அவருள் இத்துணையர் உயிர் கொடுத்தனர். ஊர்தோறும் மாறுவது எண் ஒன்றே.

இதனை ஓர் இலக்கிய வாசகமாகக் கொண்டு திறனாய்ந்தால், நான்கு குறைகள் புலனாகும். வீரனின் பெயர் இல்லை. அவன் எவ்விடத்துப் பட்டான் என்பது இல்லை. மெசொப்பொத்தேமியாவின் வெயிலா, பிரான்சின் குளிரா என்று அறிதற்கில்லை. அவன் செய்த செயல் இல்லை. நான்காவதாக, அவ்வூரார் பெரும்பாலோர் அறியாத மொழியில் எழுதப்பட்டமையின், வாழ்த்துதற்குரியோர் வாசகத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டனர். எடுத்தனூரில் நாய்க்குக் கிடைத்த பெயர்ப்பேறு ஈண்டு மக்களுக்குக் கிடைத்திலது. இங்கே கல் ஒன்று, ஆள் பலர், பெயர் எவருக்கும் இல்லை.

இது கல் சிறிதாகையால் நேர்ந்த சுருக்கம் அன்று. முதல் உலகப் போரில் இந்தியாவினின்று பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் கடல் கடந்தனர். 70,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். 1917இல் நிறுவப்பட்ட பேரரசுப் போர்க்கல்லறை ஆணையம் மாண்டார் அனைவரையும் வேறுபாடின்றி நினைவுகூர்தலைக் கொள்கையாகக் கொண்டது. பிரான்சில் நூவ்-சாப்பெல் என்னும் இடத்தில் 1927இல் எழுந்த சின்னத்தில் இந்திய வீரர் பெயர்கள் பொறிக்கப்பட்டன. ஆயினும் 1929இல் ஈராக்கின் பாசுராவில் எழுந்த சின்னத்தில், இந்தியப் படையின் அதிகாரிகள் மட்டுமே பெயர் பெற்றனர். ஏனைய இந்திய வீரர் படைப்பிரிவுவாரியாக எண்களாகவே நின்றனர். காமன்வெல்த்துப் போர்க்கல்லறை ஆணையம் என்று பெயர் மாறிய அவ்வமைப்பே 2021இல் வெளியிட்ட அறிக்கையில் இவ்வேற்றத்தாழ்வை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. பெரும்பாலும் கிழக்காப்பிரிக்கா, எகிப்து ஆகிய இடங்களைச் சேர்ந்த குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்பது அதன் கணக்கு. நம் சிற்றூர்ப் பலகையின் வாசகம் இப்பெரிய இலக்கணத்தின் சிறிய எடுத்துக்காட்டு ஆகும்.

வேறு பொருள் காலத்தாலன்றி நடுவாராலும் விளைதல் உண்டு. அமெரிக்கத் தென் மாநிலங்களின் சிற்றூர்களில், 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தரப்பின் வீரர்க்கு நீதிமன்ற முற்றங்களில் எழுந்த சிலைகளுட் பல, போர் முடிந்து ஒரு தலைமுறைக்குப் பின்னர், கறுப்பின மக்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டுவந்த காலத்தில் நடப்பட்டவை. அவை மாண்டார்க்கு அழுதன என்பதினும், வாழ்வார்க்கு ஆணையிட்டன என்பதே பொருந்தும். ஆகவே, யாருக்கு நட்டனர் என்பதோடு, யார், எக்காலத்து, யார் காண நட்டனர் என்பதும் கல்லின் பொருளை வரையறுக்கும் என்க.

6. வடசென்னைச் சின்னங்கள்

இனி, மேற்கூறிய அளவுகோலைச் சென்னைத் துறைமுகத்தை அடுத்த பகுதிகளுக்குப் பொருத்திக் காண்போம்.

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னையின்மேல் குண்டு வீசியது. துறைமுகத்தருகே இருந்த பர்மா எண்ணெய்க் குழுமத்தின் கொள்கலங்கள் தீப்பற்றின. துறைமுகத்தில் நின்ற கப்பலில் இருந்தோர் சிலர் மாண்டனர். உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் பதித்த பலகை குண்டு தாக்கிய இடத்தைக் குறிக்கின்றது. இது இடத்தின் நினைவேயன்றி ஆளின் நினைவன்று. ஆயின், அப்பலகையைப் பாராத கோடித் தமிழரும் ‘எம்டன்’ என்னும் சொல்லை அறிவர். அஞ்சத்தக்க, சூழ்ச்சி மிக்க ஆளைக் குறிக்கும் வழக்காக அது நிலைத்துவிட்டது. கல் காவாத ஒன்றை நா காத்தது. ஆனால் காத்தது தாக்கியவன் பெயரை, தாக்குண்டவர் பெயரையன்று. வேறு பொருள் படுதலுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

கோட்டைக்கு அருகே கடற்கரைச் சாலையில் உள்ள போர் நினைவுச்சின்னம் முதல் உலகப் போரின் வெற்றியைக் கருதி எழுந்தது. பின்னர் இரண்டாம் உலகப் போரும், 1948, 1962, 1965, 1971 ஆகிய ஆண்டுகளின் போர்களும் அதன்கண் சேர்க்கப்பட்டன. பேரரசுக்காகப் பட்டோரும் விடுதலை பெற்ற நாட்டிற்காகப் பட்டோரும் ஒரே கல்லின்கீழ் அமைந்தனர். தன் வாசகத்தை விரித்துக்கொள்ளும் கல் என்னும் வகையில் இது புதுமையே. மலர்வளையம் சார்த்தும் முறை நிலைத்திருத்தலின், வாழ்த்தல் என்னும் துறை இங்கு ஒருவாறு நிகழ்கின்றது.

துறைமுகத்திலிருந்து மேற்கே வியாசர்பாடியை அடுத்து அமைந்த குடியிருப்பு மகாகவி பாரதி நகர். ஒரு நகர்க்குப் பெயரிடுதலும் கல் நடுதலின் ஒருவகையே. அதன் எழுத்து, தெருப்பலகையிலும் பேருந்தின் நெற்றியிலும் நாளும் படிக்கப்படுகின்றது. ஆயின் வழக்கில் அப்பெயர் எம்.கே.பி. நகர் என்று நிற்கின்றது. ஆங்கில முதலெழுத்து மூன்றும் எஞ்ச, புலவன் பெயர் மறைந்தது. இங்கு வண்டிச் சக்கரம் எதுவும் மோதவில்லை. நாவின் விரைவே கோடுகளை அழித்தது. தமிழுக்கு உழைத்தவன் பெயர் வேற்றெழுத்தின் சுருக்கமாக வழங்குதல், இளநாகனார் கண்ட கல்லின் நிலையோடு வைத்து எண்ணத்தக்கது.

இதே வட்டாரத்து மூலக்கொத்தளம் இடுகாடு இதற்கு மறுதலையான காட்சியைத் தருகின்றது. 1938இல் கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறை சென்ற நடராசன் 1939 சனவரி 15ஆம் நாளும், தாளமுத்து அதே ஆண்டு மார்ச்சு 12ஆம் நாளும் உயிர் நீத்தனர். அவ்விருவர் நினைவிடம் அங்குள்ளது. ஆண்டுதோறும் சனவரி 25ஆம் நாள், மொழிப்போர் ஈகியர் நாளில், மாலை சூட்டி வாழ்த்துவோர் திரள்கின்றனர். ஈண்டுப் பெயர் உண்டு, செயல் உண்டு, வாழ்த்துவார் உளர். ஆநிரைக்காகப் பட்டவனுக்குரிய துறை மொழிக்காகப் பட்டவர்க்கு ஏறியுள்ளது. ஆயினும் ஓர் ஐயம் எஞ்சுகின்றது. இருவர் பெயரும் இணைத்தே ஒலிக்கப்படுதலின், அவர் தனித்தனி வாழ்வு மறைந்து, இரட்டைப் பெயர் ஒன்றே நிலைபெறும் போக்குத் தோன்றியுள்ளது. வாழ்த்தலும் மிகுதியாற் பெயரைத் தேய்க்கும் போலும். ஆராய்ச்சியாளர் இருவர் வரலாற்றையும் தனித்தனியே எழுதி வைத்தல் இதற்கு மருந்தாகும்.

7. முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன: நினைவுக்கல்லின் வாசகம் ஓர் இலக்கிய வகை. பெயர், செயல், இடம் என்னும் மூன்றும் அதன் உறுப்புகள். வாழ்த்துவாரின் தொடர்ச்சி அதன் உயிர். உறுப்பு நிறைந்தும் உயிர் நீங்கிய கல், அகநானூற்றின் கல். உயிர்க்கு இடங்கொடாது எண்ணொன்றே தாங்கியது சிற்றூர்ப் பலகை. இரண்டும் ஒருங்கே வாய்த்தல் அரிது.

இவ்வாராய்ச்சி ஒரு கடமையையும் சுட்டுகின்றது. லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்த பதிவேடுகளினின்று, முதல் உலகப் போரிற் பணியாற்றிய பஞ்சாபியர் ஏறத்தாழ 3,20,000 பேர் பற்றிய குறிப்புகள் ஊர்வாரியாக 2021 முதல் வெளிவரத் தொடங்கின. எண்ணைப் பெயராக மீட்டல் இயலும் என்பதற்கு அது சான்று. தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பலகைகளுக்கும் அது இயல்வதே. முதுகலை மாணவர் தத்தம் ஊர்ப் பலகையைப் படியெடுத்து, ஆணையத்தின் பட்டியலோடு ஒப்புநோக்கி, இன்னார் பாட்டனார் கப்பலேறினார் என்று முதியோர் கூறுவதை எழுதிக்கொள்ளலாம். போருக்குச் சென்றோரை நேரிற் கண்டவர் இன்று குறைந்து வருகின்றனர். கண்டவரிடம் கேட்டவரும் அருகி வருகின்றனர். உப்பு வண்டிகள் சென்ற வழிகளில் இன்று எண்ணூரின் சரக்குப் பெட்டி ஊர்திகள் செல்கின்றன. சாலை அகலப்படுத்தும்போதெல்லாம் ஓரத்துக் கல்லே முதலிற் பெயர்க்கப்படும். கல்வெட்டுப் படியெடுத்தல் தொல்லியலார்க்கே உரிய தொழில் என்று தமிழ்த்துறையார் ஒதுங்குதல் முறையன்று. கோடு மறைந்த எழுத்து வேறு பொருள் தரும் என்று நமக்கு உணர்த்தியவர் ஒரு புலவர். அப்பொருளை நேர் செய்யும் பணி அவர் பாடலைக் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் உரியது.